விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஈரோட்டுல இருந்து பஸ்லயேவா வந்தீங்க, இந்த வெயில்ல? டீ போட்டு வெச்சிருக்கேன். சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன், பத்தலைன்னா சொல்லுங்க.

புத்தகமெல்லாம் அந்த ரெண்டு அட்டைப் பெட்டில இருக்கு. சும்மாவே குடுக்கறேன்னு ஆன்லைன்ல போட்டதுக்கு நெறையப் பேரு கேட்டாங்க. காலேஜ் பசங்களுக்கு ஒரு கிளப் ஆரம்பிக்கறோம்னு நீங்க எழுதியிருந்தீங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சுது.

நீங்க இந்த விளையாட்டை ஆடினதில்லைன்னு சொன்னீங்க. பெரிய விஷயம் ஒண்ணும் இல்லைங்க. ஒரு மேசை, நாலஞ்சு பேரு. ஒருத்தன் கதையை நடத்துவான். மத்தவங்க ஒவ்வொருத்தரும் அந்தக் கதையில ஒரு ஆள். 'முன்னாடி ஆத்துல வெள்ளம் போகுது, என்ன பண்றீங்க'ன்னு நடத்தறவன் கேப்பான். 'நீந்தறேன்'னு நீங்க சொல்லுவீங்க. கரை சேந்தீங்களா இல்லையான்னு உருட்டற டைஸ், அதான் பகடை, சொல்லும். அவ்வளவுதான். ஒரு கதை மாசக்கணக்குல போகும். நான் பதினோரு வருஷம் நடத்தினேன், இதே மேசைல, ஞாயித்துக்கிழமை மூணு மணில இருந்து ஏழு மணி வரைக்கும். வாரம் பூரா பம்பு கம்பெனில டிசைன் வேலை. தனிக்கட்டை. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இதுதான்.

இதுல எதெல்லாம் கட்டாயம் வேணும்னு கேக்கறீங்க. இந்தத் தடிப் புத்தகம் ஒண்ணு போதும். மத்ததெல்லாம் துணைப் புத்தகம். உள்ள ஏகப்பட்ட ரூல் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் மேல சாஞ்ச எழுத்துல ஒரு வரி போட்டிருப்பான், விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்னு. அவன் இங்கிலீஷ்ல போட்டிருப்பான், அர்த்தம் அதுதான். எதைச் சேக்கறோம், எதை விடறோம்ங்கறதுலதான் நடத்தறவன் திறமை இருக்கு. எனக்கு அதுல நல்ல பேரு. திருமூர்த்தி மேசைன்னா ரூல் ரூல்தான், ஆளைப் பாத்து மாறாதுன்னு சொல்லுவாங்க.

இதோ, இந்த மடிக்கற அட்டை இருக்கு பாருங்க. நடத்தறவன் முன்னாடி இதை நிறுத்தி வெச்சுக்குவான். இதுக்குப் பின்னாடி நான் உருட்டற டைஸ் எனக்கு மட்டும்தான் தெரியும். நெறையப் பேரு இங்க ரெண்டு விழுந்தா அஞ்சுன்னு சொல்லுவாங்க, கதை நல்லா போகணுமேன்னு. நான் பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்லைங்க. ஒரு தடவை கூட.

எதுக்கு எல்லாத்தையும் குடுத்துடறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. வீட்டுல எடமில்லைன்னு சொன்னேன். எடத்துக்கு என்னங்க, நான் ஒருத்தன்தானே.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு புதுக் கதை ஆரம்பிச்சோம். மொத்தம் நாலே பேருதான். நான், சபரீசன், அவன் சம்சாரம் கோகிலவாணி, அப்பறம் நவாஸ். சபரீசனும் நவாஸும் என்கூட ஸ்கூல்ல படிச்சவங்க. சபரீசன் பனியன் நூல் ஏஜென்ட், வாரத்துல ஒரு நாள் திருப்பூர் போயிட்டு வருவான், மத்த நாளெல்லாம் வீட்டுலயே ஆபீஸ். நவாஸ் ஃபிசியோதெரபி பண்றான், காந்திபுரத்துல சின்னதா ஒரு கிளினிக்.

சபரீசனைப் பத்தி இப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மேசைல அவனை மாதிரி ஆள் கிடைக்காதுங்க. வரும்போதே நாலு பேருக்கும் பஜ்ஜி, தேங்கா பன்னுன்னு வாங்கிட்டு வருவான். சிரிக்க வெச்சுக்கிட்டே இருப்பான். வாணியை வீட்டுல தனியா விடமாட்டான். திருப்பூர் தவிர எங்க போனாலும் கூட்டிக்கிட்டுத்தான் போவான். அப்படித்தான் அது எங்க மேசைக்கே வந்துச்சு. மொதல் ஒரு வருஷம் அந்த ஜன்னல் பக்கமா உக்காந்து சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். நான்தான், "வந்ததும் வந்தே, நீயும் ஆடும்மா"ன்னேன். அது சபரீசனைப் பாத்துச்சு. "அண்ணன் சொல்றார்ல, ஆடு"ன்னு அவன் சொன்னப்பறம்தான் எழுந்து வந்துச்சு.

அமைதியான புள்ள. 'என்ன பண்றே'ன்னு நான் கேட்டா அது வாயைத் தெறக்கறதுக்குள்ள சபரீசன் சொல்லிடுவான். "அவ பின்னாடியே நிப்பா, எழுதிக்கோ மூர்த்தி." அதோட ஆளுக்குப் பேரு, பலம் எல்லாம் எழுதி வெக்கற தாள் கூட அவன் கையெழுத்துலதான் இருக்கும். புதுசா ஆடறவங்களுக்கு ஒருத்தர் சொல்லிக் குடுத்தாத்தானே ஆகும், அதனால நான் ஒண்ணும் சொல்லலை.

புதுக் கதைக்கு முன்னாடி ரூல் தேர்ந்தெடுக்கணும். இந்தத் தடவை நான் ஒரு முறை வெச்சேன். ஆளுக்கு ஒரு ஆப்ஷனல் ரூல் எடுக்கணும், யாரு எதை எடுத்தாலும் மத்தவங்க ஒத்துக்கணும். பெட்டியைத் தெறந்து எல்லாப் புத்தகத்தையும் மேசைல பரப்பி வெச்சுட்டேன்.

சபரீசன் தலைவர் ரூல் எடுத்தான். கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருப்பார், ரெண்டு கருத்து வந்தா அவர் சொல்றதுதான் முடிவு. நவாஸ் காயம் ரூல் எடுத்தான். அடி பட்டா மறுநாளே எந்திரிச்சு ஓட முடியாது, எலும்புன்னா இத்தனை நாள், தசைன்னா இத்தனை நாள்னு ஆறணும். அவன் தொழில் புத்தி. வாணி மட்டும், "அவர் எடுத்ததே எனக்கும்"ன்னுச்சு.

நான் விடலைங்க. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? "இல்லம்மா, நீயும் ஒண்ணு எடுத்துத்தான் ஆகணும்"ன்னேன். சபரீசன், "உனக்கு இதெல்லாம் புரியாது, எதையாவது கை காட்டு"ன்னான். அது காட்டலை. ஒரு புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு படிச்சுது. அன்னிக்குப் பூரா படிச்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்து அதையே படிச்சுது. ஏழு மணிக்குக் கெளம்பும்போது அதுல ஒரு பக்கத்தைத் தெறந்து என் முன்னாடி வெச்சுச்சு.

இதுதாங்க அந்தப் புத்தகம். மெலிசா இருக்கு பாருங்க. ரகசியச் சீட்டு ரூல். ஆடறவங்க மத்தவங்களுக்குத் தெரியாம எதாவது பண்ணணும்னா ஒரு சீட்டுல எழுதி நடத்தறவன்கிட்டக் குடுக்கலாம். அவன் பின்பக்கத்துல பதில் எழுதித் திருப்பிக் காட்டுவான். அப்பறம் சீட்டை அவனே வெச்சுக்குவான். வேற யாரும் கேக்கக் கூடாது, பாக்கக் கூடாது.

சபரீசன் சிரிச்சான். "இவளுக்கு என்ன ரகசியம்?"னான். ஆனா ஒத்துக்கிட்டான். முறைன்னா முறை.

அந்த ரூலுக்குக் கீழ இன்னொரு துண்டு இருக்கு. அதுக்கும் மேல அதே வரிதான், விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கதையில ஒவ்வொரு பாகம் முடியும்போதும் சீட்டு குடுத்திருக்கற ஒவ்வொருத்தர் பேருக்கும் நடத்தறவன் ஒரு டைஸ் உருட்டணும். ஒண்ணு விழுந்தா அவங்க சீட்டுல ஒண்ணை எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிக்கணும். ரகசியம் அம்பலம். இதை வாணி கேக்கலை. இதைச் சேத்தது நான்தான். ரகசியம்னா அதுல ஒரு ஆபத்து இருக்கணுமில்லைங்களா, இல்லேன்னா மத்தவங்களுக்கு நியாயமா இருக்காது. வாணி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "டைஸ் நீங்கதான உருட்டுவீங்க?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "அப்ப சரிங்ணா"ன்னுச்சு.

டீ ஆறிடுச்சா? இருங்க, சூடு பண்ணித் தரேன். வேண்டாமா, சரி.

கதை என்னன்னா, அந்தக் காலத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா மாட்டு மேல மொளகு ஏத்திக்கிட்டுப் போற வணிகக் கூட்டம். சபரீசன் அதுக்குத் தலைவர், வீரக்கோன்னு பேரு. நவாஸ் வைத்தியர். வாணி முன்னாடி போய் வழி பாத்துச் சொல்ற பொண்ணு, செம்பி.

மொத மாசம் வாணி சீட்டே குடுக்கலை. அப்பறம் ஒண்ணு வந்துச்சு. சின்ன எழுத்து, தெளிவா இருக்கும். 'சத்திரத்துப் பின்வாசல் காவல்காரன் எப்ப வேலை மாறிப் போவான்னு செம்பி பாத்து வெச்சுக்கறா.' நான் பின்னாடி எழுதினேன், 'உச்சிப் பொழுதுல.' அடுத்த வாரம், 'செம்பி தன் மாத்துத் துணியை ஒரு பைல போட்டு, பக்கத்துத் தெருவுல துணி தைக்கற அம்மாகிட்டக் குடுத்து வெக்கறா.' நான், 'அந்தம்மா வாங்கி வெச்சுக்கறாங்க, யாருகிட்டயும் சொல்லமாட்டாங்க.' இப்படிப் போச்சு. சொன்னா நம்பமாட்டீங்க மேடம், பதினோரு வருஷத்துல அப்படி ஒருத்தர் ஆடி நான் பாத்ததில்லை. மேசைல எல்லாரும் கொள்ளைக்காரங்ககூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, இது யாருக்கும் தெரியாம உள்ளுக்குள்ள தனியா ஒரு கதை நடத்திக்கிட்டு இருக்கு. எனக்கு ஆபீஸ்ல உக்காந்திருந்தாலும் அதே நெனப்புதான், இந்த வாரம் என்ன சீட்டு வரும்னு.

ஒரு தடவை கேட்டுச்சு, 'ஒரு ஆள் காணாமப் போனா கூட்டம் எத்தனை நாள் தேடும்?' உருட்டினேன், மூணு விழுந்துச்சு. மூணு நாள்னு எழுதிக் குடுத்தேன். அதை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

இன்னொரு தடவை, 'செம்பி போனதுக்கப்பறம் எங்க போனான்னு தலைவர் கேட்டா, நீங்க உண்மையைச் சொல்லணுமா?' பாருங்க, எழுதறப்பத் தடுமாறி 'நீங்க'ன்னு எழுதிடுச்சு. தையக்கார அம்மான்னு எழுதியிருக்கணும். நான் பதில் எழுதினேன், 'நடத்தறவன் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டான்.' படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துச்சு.

ஐப்பசில ஒரு நாள் மணிக்கட்டுல கட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சு. நவாஸ், "என்னம்மா ஆச்சு, காட்டு"ன்னான். சபரீசன்தான் சொன்னான், "கிரைண்டர் கல்லைத் தூக்கறேன்னு சுளுக்கிக்கிட்டா. உன் காயம் ரூல்படி எத்தனை நாள்டா?" எல்லாரும் சிரிச்சோம். நவாஸ் மட்டும் மறுபடி, "காட்டும்மா"ன்னான். "சரியாப் போச்சுங்ணா"ன்னு கையை மேசைக்குக் கீழ வெச்சுக்கிச்சு. அன்னிக்குச் சீட்டு இடது கைல எழுதியிருந்துச்சு, கோணலா. எனக்கு அதைப் பாத்து ஆச்சரியம், கை முடியலைன்னாலும் விடாம ஆடுதேன்னு.

கார்த்திகை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஒரு பாகம் முடிஞ்சுது. மொளகு போய்ச் சேந்துடுச்சு, சபரீசன் ஆளுக்குப் பெரிய மரியாதை. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. நான் அட்டைக்குப் பின்னாடி டைஸ் உருட்டினேன். சீட்டு குடுத்திருந்தது வாணி மட்டும்தான். முன்னாடி ரெண்டு தடவை பாகம் முடிஞ்சப்ப நாலும் அஞ்சும் விழுந்துச்சு.

அன்னிக்கு ஒண்ணு.

நான் தலையைத் தூக்கினேன். வாணி என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிச்சு போல. தலையை லேசா, இப்படி, இல்லைங்கற மாதிரி ஆட்டுச்சு. ஆடறவங்களுக்கு அந்த நேரத்துல ஒரு பதட்டம் இருக்கும்ங்க. அது இருந்தாத்தான் ஆட்டம் நல்லாப் போகுதுன்னு அர்த்தம்.

"ஒண்ணு விழுந்திருக்கு. செம்பியோட ரகசியம் ஒண்ணு வெளிய வருது"ன்னேன். சபரீசன் கை தட்டினான். "படி படி, என் பொண்டாட்டிக்கு என்ன ரகசியம்னு கேப்போம்." 

படிச்சேன். 'புதன்கிழமை தலைவர் சந்தைக்குப் போனதும் செம்பி பின்வாசல் வழியாப் போயிடுவா. பை ஏற்கெனவே தையக்கார அம்மாகிட்ட இருக்கு. அக்கா தாராபுரத்துல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவா. செம்பி திரும்பி வரமாட்டா.'

எங்க கதையில கிழமையே கிடையாதுங்க. முதல் நாள், ரெண்டாம் நாள்னு எண்ணிக்கைதான். பஸ் ஸ்டாண்டும் கிடையாது. அவசரத்துல மறந்து எழுதியிருக்குன்னு நெனச்சேன். மாத்திப் படிச்சிருக்கலாம். ஆனா எழுதினதை எழுதினபடி படிக்கணும்னு ரூல்ல இருக்கு.

நவாஸ் என்னைப் பாத்தான், அப்பறம் வாணியைப் பாத்தான். சபரீசன் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினான். "குடு மூர்த்தி, பாப்போம். நல்லா எழுதியிருக்காளே." குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சான். மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டான். "தலை வலிக்குதுடா, கெளம்பறோம்"னான். பஜ்ஜி அப்படியே இருந்துச்சு. நவாஸ் எந்திரிச்சு, "வாணி கொஞ்ச நேரம் இருக்கட்டும், என் சம்சாரம் ரஹீமா பாக்கணும்னு சொன்னா, நான் அப்பறம் கொண்டுவந்து விடறேன்"னான். "இன்னொரு நாள்"னு சபரீசன் சொல்லிட்டான். வாணி தண்ணி பாட்டிலை மறந்துட்டுப் போயிடுச்சு. நான் எடுத்துக்கிட்டுக் கீழ ஓடினேன். காருக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. கண்ணாடியைத் தட்டினேன். சபரீசன் எறக்கி வாங்கிக்கிட்டு, "தேங்க்ஸ் மூர்த்தி"ன்னான். வாணி திரும்பலை.

அந்தப் புதன்கிழமை அவன் திருப்பூருக்குப் போகலை. இது எனக்கு அப்பறம்தான் தெரியும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை யாரும் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. சபரீசனுக்குப் போன் பண்ணினா, "அவளுக்கு ஒடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கா"ன்னான். சரின்னு விட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்குக் கொஞ்சம் கோவம்தான். அவ்வளவு நல்லாப் போயிட்டிருந்த கதைங்க. பாதில நிக்குது.

தை மாசம் நவாஸ் வந்தான். நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலிலதான் உக்காந்தான். தண்ணி கூடக் குடிக்கலை. அவன்தான் எல்லாம் சொன்னான். வாணி ஊருக்கெல்லாம் போகலை. வீட்டுலதான் இருந்திருக்கு. சபரீசன் போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டு, வெளிய போகறப்பெல்லாம் பூட்டிட்டுப் போயிருக்கான். தையக்கார அம்மா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுப் பையை வாங்கிட்டு வந்துட்டான். வாணிக்கு இடது கைல ரெண்டு விரல் உடைஞ்சிருக்கு, கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லி எங்கயோ காட்டியிருக்கான். நவாஸ் ரெண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கான், உள்ள விடலை. மூணாவது தடவை ரஹீமாவையும் தாராபுரத்துல இருந்து வாணியோட அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். காலைல பத்து மணில இருந்து மூணு பேரும் வாசல்லயே நின்னாங்களாம். தெருவே வேடிக்கை பாத்துச்சாம். போலீசுக்குப் போன் பண்றேன்னு அக்கா சொன்னப்பறம்தான் கதவைத் தெறந்தான். கட்டின சேலையோட வெளிய வந்துச்சாம்.

எனக்கு நம்பவே முடியலை. சபரீசனா இப்படின்னு.

நவாஸ் கேட்டான். "சீட்டெல்லாம் நீதான படிச்சே. உனக்கு ஒரு நாள் கூடத் தோணலையாடா?"

"கதைன்னு நெனச்சேன்டா. செம்பி பண்றதுன்னு நெனச்சேன்."

"புதன்கிழமைன்னு எழுதியிருக்கு. தாராபுரம்னு எழுதியிருக்கு."

"எழுதினபடி படிக்கணும்னு ரூல்ல இருக்கு."

"டைஸ் என்ன விழுந்துச்சுன்னு உனக்கு மட்டும்தானடா தெரியும்?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமாடா"ன்னான். "சொல்லியிருக்கணும். அந்தப் புள்ள அதை நம்பித்தான் ஒத்துக்கிச்சு."

அப்படிச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனவன் இன்னிக்கு வரைக்கும் வரலை. போன் எடுக்கறதில்லை. முப்பது வருஷப் பழக்கம் மேடம். சபரீசன் பண்ணினதுக்கு நான் எப்படிங்க பொறுப்பு? அந்தப் புள்ளையை நானா அடிச்சேன்? அவன் இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் வீட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டேன். சபரீசனும் ஒரு நாள் போன் பண்ணித் திட்டினான், நான்தான் அவளுக்கு ஓடறதுக்கு வழி சொல்லிக் குடுத்தேனாம், சீட்டுப் பின்னாடி என் கையெழுத்து இருக்காம். ரெண்டு பக்கமும் என்னைத்தான் சொல்றாங்க.

எனக்குத் தூக்கம் கெட்டுப் போச்சு. எதாவது ஒரு இடத்துல நான் ரூலை மீறியிருந்தா, சரி, தப்புன்னு ஒத்துக்கலாம். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். எங்கயும் மீறலை. இதை ஒரு தடவை வாணிகிட்டயே நேர்ல சொல்லிட்டா மனசு ஆறும்னு தோணுச்சு. போன மாசம் ஒரு சனிக்கிழமை தாராபுரம் போனேன். ரத்தம் டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல வேலை பாக்குதுன்னு கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வேலைதான் பாத்துக்கிட்டு இருந்துச்சாம். எனக்கு அதுவே தெரியாது. நாலு வருஷம் என் மேசைல உக்காந்திருக்கு, நான் கேட்டதே இல்லை.

இந்த மெலிசுப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டுப் போனேன், அந்தப் பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வெச்சு.

என்னைப் பாத்ததும் பயந்துடுச்சு. என் பின்னாடி யாராவது வராங்களான்னு தெருவைப் பாத்துச்சு. "நான் மட்டும்தாம்மா"ன்னேன். அப்பறம்தான், "உக்காருங்ணா"ன்னுச்சு. இளைச்சுப் போயிருந்துச்சு. ஆனா பேச்சு வேற மாதிரி இருந்துச்சுங்க. யாரையும் திரும்பிப் பாக்காமப் பேசுச்சு.

நான் புத்தகத்தைத் தெறந்து காட்டினேன். "பாரும்மா, ஒண்ணு விழுந்தா படிக்கணும், எழுதினபடி படிக்கணும். நான் எதையும் வேணும்னு பண்ணலை." அந்தப் பக்கத்தை முழுசாப் படிச்சுது, அவசரமில்லாம. "ஆமாங்ணா, இருக்கு"ன்னுச்சு. எனக்கு நெஞ்சுல இருந்து பெரிய பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்பறம் கேட்டுச்சு, "உங்ககிட்ட என் சீட்டு எத்தனைங்ணா இருந்துச்சு?"

"பதினாலு."

"ஒண்ணு படிச்சாப் போதும்ல?"

"ஆமா."

"எதைப் படிக்கணும்னு ரூல்ல இருக்குங்களா?"

நான் இந்தப் பக்கத்தை மறுபடியும் பாத்தேன். இல்லைங்க. அது நடத்தறவன் இஷ்டம்.

"காவல்காரனைப் பாக்கற சீட்டு ஒண்ணு இருந்துச்சு. மாட்டுக்கு லாடம் கட்டறது பத்தி ஒண்ணு எழுதினேன். அதெல்லாம் இருந்துச்சில்லைங்ணா. ஏன் அதை எடுத்தீங்க?"

உள்ளதைச் சொன்னேன். "அதுதாம்மா இருக்கறதுலயே நல்லா இருந்துச்சு. நீ எவ்வளவு நல்லா ஆடறேன்னு அவங்களுக்கும் தெரியட்டும்னு நெனச்சேன்."

கோவப்படலைங்க. அழுகவும் இல்லை. என்னையே பாத்துச்சு. உள்ள ஒரு பெரியவர் பரிசோதனைக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு, யாரோ கூப்பிட்டாங்க. எந்திரிச்சு கையுறை மாட்டுச்சு. இடது கைல அந்த ரெண்டு விரலும் மடங்க மாட்டேங்குது, ஒவ்வொண்ணா நீவி நீவி உள்ள விட்டுச்சு. நான் பாக்கறேன்னு தெரியும், மறைக்கலை. மாட்டி முடிச்சுட்டு, "அந்தச் சீட்டு செம்பி எழுதினது இல்லைங்ணா, நான் உங்களுக்கு எழுதினது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். திரும்ப வெளிய வரலை.

பல்லடம் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், உக்கார இடம் கிடைச்சும். எனக்கு எழுதினதுன்னா என்னங்க? பதினாலு சீட்டும் எனக்குத்தானே எழுதுச்சு? ரூலே அதுதானே, எழுதி நடத்தறவன்கிட்டக் குடுக்கறது. நான் பதில் போடாம விட்ட சீட்டு ஒண்ணு கூட இல்லை. அதுக்கும் போட்டேன். பின்பக்கத்துல என்ன எழுதினேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. 'ரொம்ப அருமை'ன்னு எழுதினேன்.

நீங்க பாடம் நடத்தறவங்க மேடம், எத்தனையோ பசங்க எழுதினதைப் படிச்சிருப்பீங்க. வேற யாருகிட்டயும் இதை நான் கேட்டதில்லை. உங்க கைல அந்தச் சீட்டு வந்திருந்தா, பின்பக்கத்துல நீங்க என்ன எழுதியிருப்பீங்க?